மூளிதான் காரணம்

அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டது அவருடைய அதிரினலின். அவர் எதையும் மறந்ததுமில்லை. மறந்தது அவருடைய ஹிப்போகாம்பஸ். கறியில் உப்புக் கூடிவிட்டது என்று அவர் குறை சொல்லமாட்டார். நாக்கிலுள்ள சுவையரும்புகள் மூளைக்கு ஒரு முறைப்பாடு அனுப்பியிருப்பதாக அறிவிப்பார், அவ்வளவுதான். அவர்களுடைய வீட்டில் குடியிருந்த காலம் முழுவதும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோமா, அல்லது இரண்டு பெண்களும் கொஞ்சம் உறுப்புகளுமா?

நான் அப்போது கிளிநொச்சியில் மருத்துவ உபகரணங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். ஸ்கந்தபுரத்தில் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் பாடசாலையில் வர்த்தகம் படிப்பித்தார். பின்னேரங்களில் வாய்க்காலை ஒட்டியிருந்த தன் வயலைப் பார்த்தார். ஊருக்கு அவர் 'சேர்'. எனக்கும் சேர்தான். அவருடைய மனைவியை அக்கா என்பேன். மகள் படிப்புக்காக வெளியூருக்குப் போயிருந்ததால் அவளுடைய அறையும், மேசையும், அக்காவின் கவனிப்பில் அவளுக்குரிய பங்கும் எனக்குக் கிடைத்தன.

சேருக்கு உளவியல் பிடித்ததற்கு உளவியல் காரணமில்லை. மாணவருக்கு ஆலோசனை வழங்க ஓர் ஆசிரியர் வேண்டும் என்று பாடசாலையில் ஒரு கூட்டம் நடந்தது. போகாதவர் இவர் ஒருவர்தான். ஆகவே இவரையே தெரிவு செய்தார்கள். அதன்பின் வார இறுதிகளில் கிளிநொச்சியில் அறிமுக உளவியல் வகுப்பு. முதலாம் அலகு, நடத்தையின் உயிரியல் அடிப்படை. அந்த முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இஞ்சாரும், இவ்வளவு நாளும் நாங்கள் மனுசரைப் பிழையா விளங்கி வச்சிருக்கிறம்."

"என்னவாம்?" என்றார் அக்கா, தேங்காய் துருவிக்கொண்டு.

"ஒருத்தரும் ஒண்டும் செய்யிறதில்லை. எல்லாத்தையும் நரம்பும் சுரப்பியும்தான் செய்யிது."

"அப்ப அந்தச் சுரப்பியிட்டச் சொல்லுங்கோ, மாட்டுக்கு வைக்கல் போடச் சொல்லி."

அவர் அந்த முதலாம் அலகைத் தாண்டிப் போகவேயில்லை. வகுப்புகளுக்குப் போனார், கற்றல், ஆளுமை, சமூகம் என்று மற்ற அலகுகளும் நடந்தன. ஆனால் அவற்றைப் பற்றிக் கேட்டால் கையை வீசுவார். "அதெல்லாம் கதை, பிள்ளை. முதலாம் அலகில மட்டும்தான் சாமான் இருக்கு."

சாமான்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. ஓமோன் வந்த இரவு நான் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஹோர்மோனை எங்கள் பாடநூல்கள் ஓமோன் என்று எழுதும். எங்கள் பேச்சிலோ 'அப்படியா' என்பதற்கு 'ஓமோ' என்போம். இரண்டுக்கும் இடையில் ஒரு மெய்யெழுத்துத்தான்.

"உடம்பை நடத்திறது ஓமோன்," என்றார் சேர்.

"ஓமோ?" என்றார் அக்கா.

"ஓமோ இல்லை. ஓமோன்."

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஓமோ?"

"ஓம். ஓமோன்."

"ஓமெண்டால் சரி. புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ."

அடுத்த நாள் மூளை வந்தது. எங்கள் பாடநூல்களின்படி மூளைக்கு மூன்று பெரிய பாகங்கள்: மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம். சேர் ஒரு தேசிக்காயை மேசையில் வைத்து அதன் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் மூளி. சின்னன். ஆனால் மனுசர் விழாமல் நடக்கிறதே இதாலதான். சமநிலை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூளியோ? தோடு துலைச்சுப்போட்டு வெறுங்காதோட நிக்கிற பொம்பிளையை எல்லோ மூளி எண்டு பேசுறது?"

"அது ஊர்ப்பேச்சு. இது விஞ்ஞானம்."

"சிறுமூளை எண்டும் சொல்லலாம், சேர்," என்றேன் நான்.

"புத்தகத்தில மூளி எண்டுதான் கிடக்கு, பிள்ளை," என்றார். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது. அக்கா தேசிக்காயை எடுத்துப் பிழிந்துவிட்டார்.

எனக்கு எதையும் பட்டியலாக வைத்தால்தான் விளங்கும். இயந்திரங்களோடு வேலை செய்பவர்களுக்கு வரும் பழக்கம் அது. இந்தச் சத்தம் வந்தால் இந்தப் பாகம், இந்த விளக்கு எரிந்தால் அந்தப் பாகம். சேருக்கும் என் மனதில் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. கத்தினால் அதிரினலின். நித்திரையால் எழும்பப் பிந்தினால் மெலற்றோனின். வாங்கி வரச் சொன்னது வராவிட்டால் ஹிப்போகாம்பஸ். வந்த விருந்தாளிக்கு முன்னால் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால் நுதற்சோணை, அதாவது நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதி. மூளையின் பகுதிகளை அவர் சோணை என்பார். பாடநூல் அப்படித்தான் சொல்கிறது.

அவர் நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்கவில்லை, பரிசோதனையும் செய்தார். பக்கத்து வயல் அண்ணை ஒருநாள் பசளை பற்றிக் கதைக்க வந்து கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். அக்கா கொடுத்த தேநீரை முன்னாலிருந்த சின்ன மேசையில் வைத்திருந்தார். சேர் அகப்பைக் காம்போடு மெதுவாகக் குனிந்ததை நான் கண்டேன். தடுக்க நேரமிருக்கவில்லை. முழங்காலில் ஒரு தட்டு. அண்ணையின் கால் எழும்பி மேசையை உதைத்தது. தேநீர் அவருடைய வெள்ளைச் சாரத்தில் பரவியது.

"பயப்படாதையும்!" என்றார் சேர் மகிழ்ச்சியாக. "நீர் உதைக்கேல்லை. தெறிவினை! மூளைக்குத் தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியும். சுடுது," என்றார் அண்ணை.

"இப்ப இந்தத் தேத்தண்ணி கொட்டினது ஆர்ர பிழை?" என்று அக்கா துணியோடு வந்தார்.

"முண்ணாண்," என்றார் சேர். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கொடியைச் சொன்னார்.

"முண்ணாண் வந்து துடைக்குமோ?"

முண்ணாண் வரவில்லை. அக்கா துடைத்தார்.

இதை வைத்து அவரைத் தன்னலக்காரர் என்று எழுதிவிட்டால் என் பட்டியல் பிழையாகிவிடும். தன்னைப் பழியிலிருந்து விட்டுவிட்டதுபோல அவர் மற்றவர்களையும் விட்டுவிடுவார். அதே பக்கத்து வயல் அண்ணையின் மாடுகள் ஒரு விடியற்காலை சேரின் வயலுக்குள் இறங்கி, கதிர் தள்ளக் காத்திருந்த குடலைப் பருவத்துப் பயிரை ஒரு மூலையிலிருந்து தின்றுவிட்டன. அண்ணை சண்டைக்கு ஆயத்தமாகச் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு படலையடிக்கு வந்தார். சேர் அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

"மாட்டில பிழையில்லை. ஹைப்போதலமஸ் பசி எண்டது, அது திண்டது. உம்மிலயும் பிழையில்லை. நித்திரை முறியாத மூளை மாடு கட்டிற கட்டையை ஒழுங்கா அடிக்காது."

சண்டை பிடிக்க ஆள் கிடைக்காமல் அண்ணை மடித்த கையை இறக்கிக்கொண்டு போனார். பின்னேரம் ஒரு முட்டி தயிர் வந்தது.

எனக்கும் ஒருநாள் அந்தத் தயவு கிடைத்தது. வேலையிடத்தில் நான் செய்யாத ஒரு தவறுக்காக எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கி, ஒருவரோடும் பேச விருப்பமில்லாமல் வந்து அறைக்கதவைச் சாத்தினேன். வெளியே சேரின் குரல் கேட்டது. "பிள்ளையோட ஒருத்தரும் இப்ப கதைக்க வேண்டாம். அதிரினலின் இறங்க நேரமெடுக்கும்." கொஞ்ச நேரத்தால் கதவடியில் ஒரு கோப்பை வைக்கும் சத்தம். திறந்து பார்த்தேன். தேநீரும், தட்டில் இரண்டு பனங்கட்டித் துண்டும். ஏன், என்ன, யார் என்று ஒரு கேள்வியும் இல்லை. அதைவிட நல்ல ஆலோசனை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஆனாலும் அக்கா ஒருநாள் வெங்காயம் உரித்தபடி சொன்னார்: "கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த மனுசன் 'என்ர பிழை' எண்டு ஒருக்காலும் சொன்னதில்லை, தங்கச்சி. முதல் பழியை வெயிலில போட்டார், பிறகு பஸ்ஸில போட்டார். இப்ப படிச்சுப்போட்டு உடம்புக்குள்ளயே ஆளைப் பிடிச்சிட்டார்."

உண்மைதான். உறுப்புகள் எல்லாம் இருந்த அவருடைய பட்டியலில் 'நான்' மட்டும் இல்லை.

தோட்டு விஷயம் அதற்குப் பின்னால் வந்தது. அக்காவின் தோடுகள் அவருடைய கலியாணத்துக்குத் தாய் போட்டுவிட்டவை. அவற்றில் ஒன்றின் சுரை, காதுக்குப் பின்னால் பூட்டும் திருகு, தேய்ந்துவிட்டது. மல்லாவிக்குப் போகும்போது நகை செய்யும் பத்தரிடம் கொடுத்து மாற்றிவரும்படி சேரிடம் சொன்னார். சேர் மல்லாவிக்குப் போனார், பம்புக்குப் பட்டி வாங்கினார், திரும்பி வந்தார். இரண்டாம் தரமும் அப்படியே.

"ஹிப்போகாம்பஸ்," என்றார். "மூளைக்குள்ள கடற்குதிரை மாதிரி வளைஞ்சு கிடக்கிற பகுதி. ஞாபகத்துக்குப் பொறுப்பு அதுதான்."

"அப்ப அந்தக் குதிரைக்குக் கொஞ்சம் கொள்ளு வையுங்கோ," என்றார் அக்கா.

களை பிடுங்கிவிட்டு வாய்க்காலில் முகம் கழுவிய ஒரு நாளில் அந்தத் தோடு போய்விட்டது. கலங்கல் தண்ணீர். தேடித் தேடி இருட்டிவிட்டது. வீட்டுக்கு வந்த அக்கா மற்றத் தோட்டையும் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தார். காதுத் துளைகள் தூர்ந்துபோகாமலிருக்க இரண்டு வேப்பங்குச்சித் துண்டுகளைச் செருகிக்கொண்டார். அடுத்த நாள் காலை தேநீர் தந்தபோதே நான் கண்டுவிட்டேன்.

"சேரிட்டச் சொல்லேல்லையோ, அக்கா?"

"சொல்லமாட்டன். நீயும் சொல்லக்கூடாது. அவரா காணட்டும்."

"காணாட்டி?"

"ரெண்டு காது இருக்கு, தங்கச்சி. ஒண்டைத் தவறவிட்டாலும் மற்றதில காணலாம்."

பக்கத்து வீட்டுப் பெண் அன்றைக்கே கண்டாள். வீதி வீதியாகப் பாண் விற்கும் வான்காரர் அடுத்த நாள் கண்டு, மிச்சக் காசைக் கொடுத்தபடி "என்னக்கா, தோடு எங்க?" என்றார். பக்கத்து வயல் அண்ணை கண்டார். மல்லாவியிலிருந்து கைபேசியில் முகம் பார்த்துக் கதைத்த அக்காவின் தம்பியும் கண்டார். சேர் மட்டும் காணவில்லை. மூன்று வேளையும் அக்காவுக்கு நேரே இருந்து சாப்பிட்டார். ஒரு மதியம் அக்காவின் முகத்தையே பார்த்தபடி, முகங்களை அடையாளம் காண்பதற்கென்றே மூளையில் தனியாக ஓர் இடம் இருக்கிறது, அது எவ்வளவு நுட்பமானது தெரியுமோ என்று விளக்கினார். அக்கா தலையைக் கொஞ்சம் இடப்பக்கமாகவும் பிறகு வலப்பக்கமாகவும் திருப்பினார். சேர் மீன் குழம்பு கேட்டார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

இப்படியே வாரங்கள் போயின. அக்கா கலகலப்பாகத்தான் இருந்தார். ஆனால் வயலுக்குப் போகும்போதெல்லாம் அவருடைய கண் வாய்க்கால் தண்ணீரிலேயே இருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறுவார்.

ஒரு சனிக்கிழமை. வயலில் வேலையாட்கள் நின்றார்கள். எனக்கு விடுமுறை, நான் பிஸ்கட் பெட்டியோடும் அக்கா தேநீர்க் கேத்தலோடும் வரம்பில் போனோம். நடந்தபடியே அக்கா வாய்க்காலுக்குள் எதையோ உற்றுப் பார்த்தார். கால் வழுக்கியது. கேத்தலை மட்டும் உயர்த்திப் பிடித்தபடி இடுப்பளவுக்குச் சேற்றில் குந்திவிட்டார். எல்லோரும் பதறினார்கள். சேர் வயலின் மறுகரையில் நின்றார். அவர் மகிழ்ந்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனால் படித்த ஒன்று கண்முன்னால் நடந்துவிட்ட ஆசிரியரின் முகம் அது. கையை உயர்த்தி, வயல் முழுவதும் கேட்கக் கத்தினார்:

"மூளி! மூளிதான் காரணம்!"

வேலையாட்களின் கை நின்றது. பக்கத்து வயல் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். களை பிடுங்கிய ஒரு பெண் வாயில் கையை வைத்தாள். தோடில்லாத காதோடு சேற்றிலிருந்த பெண்ணைப் பார்த்து அவளுடைய புருசன் ஊரறிய மூளி என்கிறார். அவர்களுக்கு அப்படித்தான் கேட்டது. வேறு எப்படிக் கேட்கும்?

அக்கா எழும்பினார். கேத்தலை என்னிடம் தந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்து, சீலை மாற்றி, மல்லாவியிலுள்ள தம்பி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

பின்னேரம் என் கைபேசிக்கு அழைத்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தங்கச்சி, கோழியை அடைச்சனியே? அவர் ஒருக்கா, ஒரேயொருக்கா, என்ர பிழை எண்டு சொல்லட்டும். அண்டைக்கே வாறன். சொல்லாட்டி நான் இஞ்சதான். எந்தப் பிழை எண்டதையும் அவரே கண்டுபிடிக்கட்டும். நீ வாய் திறக்கக்கூடாது."

இது சும்மா வெருட்டு இல்லை என்று எனக்கு விளங்கியது. அலுமாரியைத் திறந்து பார்த்தேன். துணியில் சுற்றி வைத்திருந்த ஒற்றைத் தோட்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அக்கா இல்லாத வீட்டில் சேர் சோறு காய்ச்சினார். அடிப்பிடித்தது. "மணத்தை அறியிற நரம்பு பிந்திச் சொல்லிப்போட்டுது," என்றார். சம்பலில் தேசிப்புளி போட மறந்தார். குதிரையின் பெயரைச் சொல்லத் தொடங்கி, கேட்க ஆளில்லாததால் நிறுத்தினார். பின்னேரங்களில் பாண் வானுக்காகப் படலையடியில் நின்றார். வான்காரர் பாணைக் கொடுத்துவிட்டு அவரை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்.

"பிள்ளை, இந்தச் சொல்லை ஆர் வச்சது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். "மூளையில இருக்கிற இவ்வளவு நல்ல சாமானுக்கு வேற பேர் கிடைக்கேல்லையோ? எல்லாம் பாடப்புத்தகம் எழுதினவையின்ர வேலை."

பட்டியலில் ஒரு புதுப்பெயர் சேர்ந்தது.

"நான் புத்தகத்தோட போய் விளங்கப்படுத்திறன். நீரும் வாரும். நீர் படிச்ச பிள்ளை, நீர் சொன்னால் நம்புவினம்."

"புத்தகத்தை வச்சிட்டுப் போவமே, சேர்."

"புத்தகம் இல்லாமல் எப்பிடி?" என்றார், தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னதுபோல.

அவர் மோட்டார் சைக்கிளிலும் நான் ஸ்கூட்டியிலுமாக மல்லாவிக்குப் போனோம். அக்காவின் தம்பி உழவு இயந்திரம் திருத்துபவர். கடையும் வீடும் ஒரே வளவு. கையில் நட்டுக் கழற்றும் சாவியோடு எழும்பி "வாங்கோ அத்தான்" என்றார். ஆனால் கதிரை போடவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில், வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கதிரை போடாவிட்டால், பிறகு பேச அதிகம் இல்லை என்று அர்த்தம்.

சேர் நின்றபடியே புத்தகத்தை விரித்தார். "தம்பி, முதல் இதை வாசியும்."

தம்பி எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, விரல் வைத்து வாசித்தார். "மூளி பின்மூளையில் அமைந்துள்ளது. உடற்சமநிலையைப் பேணுகின்றது." நிமிர்ந்தார். "அப்ப நீங்கள் அக்காவை மூளி எண்டு சொல்லேல்லையோ?"

"அக்கான்ர மூளியைத்தான் மூளி எண்டனான்."

"எனக்கும் இருக்கோ?"

"எல்லாருக்கும் இருக்கு."

"அப்ப எல்லாரும் மூளியளோ?"

உள்ளேயிருந்து தம்பியின் மனைவி சிரித்தது கேட்டது. தம்பி மூளியின் படத்தின்மேல் பதிந்துவிட்ட தன் எண்ணெய்ப் பெருவிரலைப் பார்த்தார். பிறகு போய் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். சேர் என்னைப் பார்த்தார். வெற்றி என்று அவர் கண்கள் சொல்லின. நான் வீட்டு வாசலைப் பார்த்தேன். அக்கா இன்னும் வெளியே வரவில்லையே.

வந்தார். தலைமயிரை அவிழ்த்து விட்டிருந்தார். குளித்து ஈரம் காயவில்லை. வாசலிலேயே நின்றார்.

"நீங்கள் எந்த மூளியைச் சொன்னீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார்.

சேரின் வாய் திறந்தபடி நின்றது. "தெரிஞ்சோ வந்தனீர்?"

"தெரிஞ்சுதான் வந்தனான்."

"பிறகு என்னத்துக்கு…"

"மூளையில சோணை எத்தினை எண்டனீங்கள்?"

பாடத்தில் கேள்வி கேட்டால் அவரால் பதில் சொல்லாமலிருக்க முடியாது. "நாலு," என்றார். "நுதற்சோணை, சுவர்ச்சோணை, கடைநுதற்சோணை, பிடர்ச்சோணை."

"இதில பாக்கிறது எது?"

"பிடர்ச்சோணை."

"உங்களுக்கு அது வேலை செய்யுதோ?"

"செய்யுது. கண்ணாடியும் இப்பதானே மாத்தினது."

"அப்ப அந்த ஐஞ்சாவது சோணையையும் ஒருக்காப் பாருங்கோ."

"ஐஞ்சாவது இல்லையப்பா. நாலுதான்." அவர் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். "நில்லும், படம் இருக்கு…"

"புத்தகத்தில இல்லை. இஞ்ச."

அவர் நிமிர்ந்தார். அக்கா ஈரமயிரை ஒதுக்கி, வலக் காதின் கீழ்மடலை, எங்கள் பேச்சில் காதுச் சோணையை, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

சேர் பார்த்தார். வேப்பங்குச்சியைப் பார்த்தார். எழும்பிப் போய் மற்றக் காதையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஓர் உழவு இயந்திரத்தின் சில்லைப் பார்த்தேன். தம்பியைப் பார்த்தார். "உமக்குத் தெரியுமோ?"

"எல்லாருக்கும் தெரியும், அத்தான். பாண்காரனுக்கும் தெரியுமாம்."

"எப்ப துலைஞ்சது?" அக்காவிடம் கேட்டபோது குரல் அவருடையதாக இருக்கவில்லை.

"சுரை தேஞ்சு போச்செண்டு ரெண்டுதரம் சொன்னனான். களை பிடுங்கின அண்டைக்கு வாய்க்காலுக்க விழுந்திட்டுது. அம்மா போட்ட தோடு. அதைத் தேடித்தான் ஒவ்வொரு நாளும் வரம்பில நடந்தனான். அண்டைக்கும் கண் தண்ணியிலதான் இருந்தது. என்ர மூளியில ஒரு பிழையும் இல்லை." அக்கா மயிரை விட்டார், காது மறைந்தது. "மண்டைக்குள்ள ஆரும் காணாததை எல்லாம் கண்டனீங்கள். வெளியில கிடந்ததைக் காணேல்லை."

கடையில் ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி போய் அதை நிறுத்தினார்.

"ஹிப்போ…" என்று சேர் தொடங்கினார். அந்தச் சொல் அவருடைய வாயில் பாதியில் நின்றது. புத்தகத்தை மூடினார். பக்கம் தவறாமலிருக்க உள்ளே ஒரு விரலை வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தால் அந்த விரலையும் எடுத்துவிட்டார்.

"நான் பாக்கேல்லை," என்றார்.

"ஆர்?"

"நான்."

"ஓமோனோ?"

"இல்லை. நான்தான். சுரை மாத்த மறந்ததும் நான்தான். என்ர பிழைதான்."

"ஓமோ?" என்றார் அக்கா.

"ஓம்."

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அத்தானுக்குத் தேத்தண்ணி ஊத்து. சீனி கூடுதலாப் போடாதை, நாக்கு முறைப்பாடு அனுப்பும்," என்று தம்பியின் மனைவிக்குச் சொன்னார். எங்களிடம் வந்து, "நான் சீலை மாத்திக்கொண்டு வாறன்," என்றார்.

திரும்பும் வழியில் மூவரும் பத்தரிடம் போனோம். மிச்சமிருந்த ஒற்றைத் தோட்டை அழித்து இரண்டு சின்னத் தோடுகள் செய்யலாம் என்றார் அவர். சுரை இறுக்கமாக இருக்கவேண்டும் என்று சேர் சொன்னார். பத்தர் தலையாட்டினார். சேர் இன்னொருமுறை சொன்னார்.

அதன்பின் அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த நாளே அவருடைய அதிரினலின் பம்புப் பட்டியோடு சண்டை பிடித்தது. மெலற்றோனின் வழமைபோலப் பாடசாலைக்குப் பிந்தியது. ஆனால் சின்னத் தோடுகள் வந்த பிறகும், காலையில் தேநீர் வாங்கும்போது அவர் அக்காவின் இரண்டு காதுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கோப்பையைப் பிடித்தார். அக்கா அதற்காகவே தலையை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுவார், கடையில் நகை பார்ப்பதுபோல.

எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தபோது அறுவடை முடிந்து வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். சொல்லிவிட்டுப் போக வயலுக்குப் போனேன். சேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்காலுக்குள் குந்தியிருந்து, மா அரிக்கும் அரிதட்டால் சேற்றை அரித்துக்கொண்டிருந்தார். அதுவரையில் ஒரு பழைய ஆணியும், தம்பி எப்போதோ தொலைத்த சாவியும், எங்கள் குசினிக் கரண்டி ஒன்றும் கிடைத்திருந்தன. தோடு கிடைக்கவில்லை. கிடைக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அக்கா வரம்பில் தேநீர்க் கேத்தலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயல் அண்ணையும் வந்து நின்றார், முழங்காலைக் கொஞ்சம் பாதுகாப்பான தூரத்தில் வைத்துக்கொண்டு.

என்னைக் கண்டு சேர் எழும்பப் பார்த்தார். கால் வழுக்கியது. அரிதட்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சேற்றில் மல்லாந்து கிடந்தார்.

அக்கா கேத்தலைக் கீழே வைத்தார். கையை உயர்த்தி, வயல் முழுவதும் கேட்கக் கத்தினார்:

"மூளி! மூளிதான் காரணம்!"

சேர் முகத்துச் சேற்றை வழித்து எறிந்தார்.

"இல்லையப்பா," என்றார். "நான்தான் வழுக்கிப்போனன்."